கண்ணாடியில் தலை வாரியவர்

அத்தியாயம் ஒன்பது

"ஒன்பது வயசுல இந்த ஸ்டுடியோவை ஒரு நாள் முழுக்கத் தனி ஆளா நடத்தினவன் நான்" என்றான் டேப். "அப்பாவோட வாட்சை முழங்கைக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டு, ஒரு சோப்பு விளம்பரத்தை ஒரே மூச்சுல ரெக்கார்ட் பண்ணி முடிச்சேன். விளம்பரம் வந்த மறு வாரம் எந்தக் கடையிலயும் சோப்பே கிடையாது. ஆறு மாசத்துக்கு இந்த ஊர்ல ஒருத்தன்கூட அழுக்கா இல்ல."

கார்பென்டர் வாயிலிருந்த ஆணிகளை எடுத்தார்.

"மேஜை எட்டுச்சா சார்?"

"ரெண்டு டெலிபோன் டைரக்டரியை அடியில போட்டு உட்கார்ந்தேன்."

"சரி சார்" என்று ஆணிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார் கார்பென்டர்.

நாற்பது வருஷமாக இந்தக் கதையைக் கேட்ட அத்தனை பேரும் சொன்ன அதே 'சரி'தான். மனைவி சொன்னாள், மாமனார் சொன்னார். அப்பாவே சிரித்துக்கொண்டு சொன்னார். நம்பியவர் ஒருவர்கூட இல்லை. டேப்புக்கும் கவலை இல்லை. நம்பாதவர்களிடம் சொல்லும்போதுதான் கதைக்குச் சதை பிடிக்கும். முதலில் ஒரு கடையில்தான் சோப்பு தீர்ந்தது. இப்போது ஊருக்கே தீர்ந்துவிட்டது.

அவனுக்கு டேப் என்று பெயர் வைத்தது அப்பா. ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், பத்து வருஷம் கழித்து நடுவில் வந்த இருமல் உட்பட ஒப்பித்துவிடுவான். வீட்டு புரோக்கர் ஒருவர் எப்போதோ சொன்னதை அவன் வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னதில், அந்த மனுஷர் தொழிலை விட்டே போய்விட்டார்.

அவன் தங்கைக்குப் பெயர் ரேடியோ. கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால் தூக்கத்திலும் ஒலிபரப்பு நிற்காது. அவள் பக்கத்தில் உட்கார்ந்த காக்காய்கள் தொண்டை கட்டிக்கொண்டு போயின என்பார்கள். அந்த ரேடியோ ஆறு வயதில் ஒரு நாள் சட்டென்று நின்றுபோனது. "பேட்டரி தீர்ந்துபோச்சு" என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததோடு சரி. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் இரண்டு மாதமாக இந்தக் குடும்பத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறது.

ரேடியோ இப்போது பல் டாக்டர். அவள் அறையில் வாயைத் திறப்பவர்கள் எல்லோரும் நோயாளிகள்தான். மகளுக்குக் காது பரிசோதனை செய்யப் போன இடத்தில், மகளோடு அவளும் அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்தாள். சுற்றிலும் மெத்தை வைத்த சுவர். கதவு மூடியதும் வெளிச்சத்தம் கத்தரியால் நறுக்கின மாதிரி நின்றது. அவ்வளவுதான். இரண்டு கையாலும் கதவுக் கண்ணாடியை அறைந்து, திறக்கச் சொல்லிக் கத்தி, திறந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு நாள் அவளுக்குள் மொத்தமாக வந்து இறங்கியிருந்தது.

"அப்பா என்னை ஸ்டுடியோ சின்ன ரூம்ல போட்டு அடைச்சார். கதவை மூடின கையில அப்பா வாட்ச் இருந்தது. நான் கத்தினேன், அழுதேன். ரொம்ப நேரம் கழிச்சு அப்பா வந்தார். கண்ணாடி வழியா என்னை நேருக்கு நேரா பார்த்தார். சீப்பை எடுத்துத் தலை வாரிக்கிட்டார். போயிட்டார்."

அப்பா, இல்லவே இல்லை என்றார். டேப் அப்பாவுக்கு வக்கீலானான். எப்பேர்ப்பட்ட வக்கீல்! "உலகத்துல எந்த அப்பனாவது குழந்தையை அடைச்சுட்டு நின்னு தலை வாருவானா? நான் முப்பது வருஷமா ஒலியை வெட்டி ஒட்டறவன். எங்க ஒட்டு இருக்குன்னு காதாலயே சொல்வேன். நாற்பது வருஷம் கழிச்சு வர ஞாபகம் மொத்தமும் ஒட்டுதான்" என்று போனிலும் நேரிலும் இரண்டு மாதமாக வாதாடி, தங்கையைப் பேச்சுவார்த்தையே இல்லாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டான்.

நாளைக் காலை அவள் மகளோடு வேறு ஊருக்குக் குடி போகிறாள். இன்று நாலு மணிக்கு வருகிறாள்.

"அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்கணும்" என்று போனில் சொல்லியிருந்தாள். "ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி, அதுக்கப்புறம் நான் வரப்போறதில்ல. கேட்காம போக முடியல, அவ்வளவுதான்."

இப்போது மணி இரண்டேகால். கார்பென்டர் வந்திருப்பது அதற்காகத்தான். தங்கை சொன்னதில் டேப்புக்கு ஒரு பிடி கிடைத்திருந்தது. 'சுவர் முழுக்க ஓட்டை. இருட்டுல ஒவ்வொண்ணா விரலை விட்டு எண்ணினேன். குறுக்கே இருபத்திரெண்டு' என்றிருந்தாள். சின்ன ரூம் சுவரில் ஏது ஓட்டை? பழுப்புத் துணி ஒட்டிய சுவர் அது. டேப் பிறந்த நாளிலிருந்து துணிதான். துணியை உரித்து வெறும் சுவரைக் காட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. ஓட்டை இல்லையென்றால் அடைப்பும் இல்லை, சீப்பும் இல்லை, அப்பாவும் நிரபராதி.

"இழுங்க" என்றான்.

கார்பென்டர் மூலையில் உளியை விட்டு நெம்பி, துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஒரு பாலைவனத்துக்குத் தேவையான தூசி கிளம்பியது. தும்மி முடித்துக் கண்ணைத் துடைத்தபோது கார்பென்டர் சுவரை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது, சல்லடை மாதிரி இருக்கு?"

துணிக்கு அடியில் பலகை. பலகை முழுக்க, அளந்து போட்ட மாதிரி வட்ட வட்ட ஓட்டைகள். எதிரொலியை உறிஞ்சுவதற்காக அந்தக் காலத்தில் அடிக்கும் பலகை.

டேப் கிட்டே போனான். சுண்டு விரலை ஒரு ஓட்டையில் வைத்தான். மூட்டு வரைக்கும்கூடப் போகவில்லை. ஆறு வயது விரல் போகும்.

குறுக்கே எண்ணினான். தப்பாக எண்ணிவிட்டோமோ என்று திரும்பவும் எண்ணினான்.

இருபத்திரெண்டு.

"அதனால என்ன?" என்றான் சத்தமாக. கார்பென்டர் எதுவுமே கேட்கவில்லை. "துணி ஒட்டறதுக்கு முன்னாடி எப்பவாவது விளையாட வந்தப்போ எண்ணியிருப்பா. ஓட்டை இருக்குன்னா அடைச்சாங்கன்னு அர்த்தமா?"

வாதம் சரியான வாதம்தான். ஆனால் 'பிறந்த நாளிலிருந்து துணி' என்று சத்தியம் செய்தவன் அவன். டேப்பில் முதல் முறையாக ஒரு இடம் காலியாக ஓடியது.

மூன்று மணிக்கு அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தார். எழுபத்தெட்டு வயது. தலைமுடி மட்டும் இருபத்தெட்டு. இஸ்திரி போட்ட சட்டை, அதன் பையில் வழக்கமான சீப்பு. முகத்தில்தான் இஸ்திரி இல்லை.

உரித்துப் போட்ட துணியைப் பார்த்ததும் நின்றார்.

"இதை ஏன்டா கிழிச்சே? உங்க அம்மா போடச் சொன்ன துணி."

"அம்மாவா? அம்மா ஸ்டுடியோ பக்கமே வர மாட்டாங்களே?"

"வர மாட்டா. ஆனா குடல்வால் ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியிலருந்து வந்த மாசம், இந்த ரூமுக்குத் துணி போட்டே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. காரணம் கேட்டேன். சொல்லல."

டேப் அப்பாவையே பார்த்தான். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. கேட்க ஆளில்லை.

அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கார்பென்டர் இங்கிதம் தெரிந்தவர். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"டேய், எனக்கு ஞாபகம் வந்துடுச்சு" என்றார் அப்பா.

"என்னது?"

"நான்தான் பூட்டினேன்."

டேப் ஸ்டூலுக்குக் கிட்டே வந்தான்.

"ரெண்டு மாசமா தினமும் உட்கார்ந்து யோசிச்சேன். முதல்ல ஒண்ணுமே வரல. அப்புறம் கதவு வந்தது. அப்புறம் என் கை வந்தது. நேத்து சாவி வந்தது. கையில சில்லுன்னு இருந்ததுகூட வந்துடுச்சு."

"அப்பா, இந்தக் கதவுக்குச் சாவியே கிடையாது."

அப்பா கதவைப் பார்த்தார். அரை அடி கனம் உள்ள கதவு. ரப்பர் விளிம்பு. வெளிப்பக்கம் ஒரு நீளமான இரும்புக் கைப்பிடி; அதைக் கீழே அழுத்தினால் கதவு இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். பூட்டுத் துவாரம் எங்கேயும் இல்லை.

"கிடையாதா?"

"எப்பவுமே கிடையாது. நீங்கதானே கதவை வாங்கினீங்க."

"ஆனா சில்லுன்னு இருந்ததேடா" என்றார் அப்பா. உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"அது நீங்களா கொண்டுவந்தது. ஒரு பொருளைத் தேடு தேடுன்னு தேடினா மனசு எதையாவது எடுத்துக் கையில குடுத்துடும். நாலு மணிக்கு அவ கேட்டா ஆமான்னு சொல்லித் தொலைக்காதீங்க."

"அவ பொய் சொல்றவ இல்லடா. அப்போ மறந்தவன் நான்தானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா அவளுக்கு ஆறும்னா சொல்லிட்டுப் போறேன். இந்த வயசுல நல்ல பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? பேத்தியைத்தான் கடைசியா ஒரு தடவை பார்க்கணும்னு இருந்தது. அதுவும் பரவாயில்ல."

எழுந்து, மூக்குக்கண்ணாடியை எடுத்து வருகிறேன் என்று மாடிக்குப் போனார். படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறும் சத்தம் கேட்டது.

கார்பென்டர் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். துணியை உரிக்கிற கையோடு பழைய ரூமையும் பிரித்துப் புதுப்பித்துவிடலாம் என்று டேப் சொல்லியிருந்தான். உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றி வெளியே வைத்தார். உள்விளக்குக்கு வரும் வயரைப் பிரித்தார். கதவுக்கு மேலே இருந்த சிவப்பு பல்பைப் பார்த்தார்.

"இது வேணுமா சார்?"

அந்த பல்புதான் இந்த வீட்டின் சட்டம். அது எரிந்தால் உள்ளே பதிவு நடக்கிறது என்று அர்த்தம். யாரும் கதவைத் திறக்கக் கூடாது, தட்டக் கூடாது, செருப்புக் காலோடு நடக்கக் கூடாது. 'வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் பல்பு அணைஞ்சப்புறம்தான் வந்து சொல்லணும்' என்பார் அப்பா. ஒரு தடவை உண்மையிலேயே சமையலறைத் திரை பற்றிக்கொண்டது. அம்மா தனியாக அணைத்துவிட்டு, பல்பு அணையும் வரை காத்திருந்து வந்து சொன்னாள்.

"எரியுதான்னு பாருங்க" என்றான் டேப். அவன் அறைக்கு உள்ளே நின்று, துணியின் கடைசிக் கிழிசலை உரித்துக்கொண்டிருந்தான்.

சுவிட்ச், திறந்திருந்த கதவுக்குப் பின்னால் வெளிச்சுவரில் இருந்தது. கார்பென்டர் கதவைச் சாத்திவிட்டு சுவிட்சைப் போட்டார். பல்பு எரிந்தது. "எரியுது சார்" என்று சொல்லிவிட்டு ஏணி எடுக்கப் பின்கட்டுக்குப் போனார். அவர் சொன்னது டேப்புக்குக் கேட்கவில்லை. கதவு சாத்தியபோது கைப்பிடி தன் கனத்தில் தானே கீழே இறங்கி அடைத்துக்கொண்டது என்பது கார்பென்டருக்கும் தெரியவில்லை.

உள்ளே கும்மிருட்டு.

"ஹலோ" என்றான் டேப். அந்த வார்த்தையை ஓட்டைகள் அப்படியே விழுங்கிவிட்டன. இந்த ரூமில் ஆயிரம் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். விளக்கோடு, ஹெட்போனோடு, வெளியே ஆளோடு. இப்படி உட்கார்ந்ததில்லை. கதவைத் தடவினான். கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு குழி. கதவைக் குத்தினான். மெத்தையைக் குத்தின மாதிரி இருந்தது. காதுக்குள் அவன் ரத்தம் ஓடுகிற சத்தம் அவனுக்கே கேட்டது.

கதவின் நடுவில் ஒரு சாண் அளவுக்குக் கண்ணாடி. அதன் வழியாக நடைவழி பளிச்சென்று தெரிந்தது. ட்யூப் லைட், எதிர்ச் சுவர், உரித்துப் போட்ட துணி.

அப்பா வந்தார்.

மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். பல்பைப் பார்த்தார். சட்டென்று நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நுனிக்காலில் நடந்து வந்தார். ஐம்பது வருஷப் பழக்கம். இன்று பதிவு ஏதும் இல்லை என்பது காலுக்குத் தெரியவில்லை.

டேப் கண்ணாடியைத் தட்டினான். "அப்பா!"

அப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

டேப்பின் கண்ணையே பார்த்தார். ஒரு சாண் தூரத்தில், நேருக்கு நேராக. லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். பையிலிருந்து சீப்பை எடுத்தார். வலது பக்கம் ஒரு வாரு, இடது பக்கம் ஒரு வாரு. முகத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். திருப்தி. சீப்பைப் பையில் போட்டார்.

போய்விட்டார்.

டேப் தட்டுவதை நிறுத்திவிட்டான். கை கண்ணாடி மேலேயே இருந்தது. உள்ளே விளக்கு இல்லாவிட்டால் அது வெளியே இருப்பவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி, உள்ளே இருப்பவருக்கு ஜன்னல். முப்பது வருஷம் இங்கே வேலை பார்த்தவனுக்கு இது தெரியாமல் இருந்தது.

அந்த இருட்டில்தான் வந்தது. தங்கைக்கு வந்த மாதிரி படமாக வரவில்லை. குரலாக வந்தது. அவனுக்கு எல்லாமே குரல்தானே. கீச்சுக் குரல், மூச்சு வாங்கப் பேசுகிற ஒரு பையனின் குரல். மூன்றே வார்த்தை. அதுவே திரும்பத் திரும்ப.

டேப் வாழ்க்கையிலேயே அதிகம் பயந்த நிமிஷம் அதுதான். எழும்பும்போதே நெற்றியில் அடித்து உட்கார வைக்கப் பார்த்தான் அந்தக் குரலை. நாற்பது வருஷம் கழித்து வருவதெல்லாம் ஒட்டு என்று சொன்னவன் அவன். அப்பாவுக்குச் சாவி வந்த மாதிரி இதுவும் வந்திருக்கலாம். இந்த இருட்டு கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது?

கதவு திறந்தது. ஏணியோடு கார்பென்டர்.

"ஐயோ சார், உள்ளயா இருந்தீங்க? நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது."

டேப்பின் சட்டை ஆற்றில் விழுந்து எழுந்த மாதிரி நனைந்திருந்தது. கார்பென்டரின் காதில் செருகியிருந்த தட்டைப் பென்சிலை எடுத்தான். கீழே கிடந்த ஒரு பலகைத் துண்டில் எதையோ எழுதினான். எழுதிய பக்கத்தைத் திருப்பி மார்போடு அணைத்துக்கொண்டு அப்பாவிடம் போனான்.

"அப்பா, இப்போ கண்ணாடியில என்ன பார்த்தீங்க?"

"என்னத்தைப் பார்க்கிறது? என் மூஞ்சியத்தான்."

"அம்மாவை ஆபரேஷனுக்குச் சேர்த்த அன்னைக்கு நடுவுல வீட்டுக்கு வந்தீங்களா?"

அப்பா யோசித்தார். "பிளாஸ்க் எடுக்க வந்தேன். பல்பு எரிஞ்சது. அப்போ இருந்த அசிஸ்டென்ட் வந்து வேலையா இருக்கான்னு நினைச்சு, சத்தம் போடாம எடுத்துக்கிட்டுப் போனேன்."

"தலை வாரினீங்களா?"

"எப்பவும் வாருவேன். அன்னைக்குன்னு தனியா ஞாபகம் இல்லடா. இருக்குன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம்ப்பா. இதைப் பிடிங்க. எழுதியிருக்கறதைப் பார்க்காதீங்க. நான் சொல்றப்போ திருப்புங்க."

சரியாக நாலு மணிக்கு ரேடியோ வந்தாள். கையில் கார் சாவி. உட்காரவில்லை. உரித்த சுவரைப் பார்த்தாள். ஓட்டைகளைப் பார்த்தாள். ஒரு விரல் தானாக உயர்ந்து, பாதியில் இறங்கியது.

"நான் கேட்டுட்டுப் போயிடறேன்" என்றாள். "அப்பா..."

"ஆமாம்மா" என்றார் அப்பா, அவள் கேட்பதற்குள். "நான்..."

"அப்பா, இருங்க!" டேப் நடுவில் வந்து நின்றான். "ரேடியோ, முதல்ல எனக்கு ஒரே ஒரு கேள்வி."

"மறுபடியும் குறுக்கு விசாரணையா? ரெண்டு மாசமா நீ பண்ணினது போதும் அண்ணா."

"இதான் கடைசி. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. நான் எடுத்துக் குடுக்க மாட்டேன். கதவைத் திறந்தப்புறம் என்ன ஆச்சு?"

அவள் முகம் மாறியது. "அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்போ நான் பார்க்கற மனநல கவுன்சிலர் அம்மாகிட்டகூட."

"தெரியும். அதனாலதான் கேட்கறேன்."

கார்பென்டர் ஏணியின் உச்சியில் சிலையாக நின்றார்.

"ஃப்ராக் நனைஞ்சுபோச்சு. அடக்க முடியல" என்றாள் மெதுவாக. "குழாய்கிட்ட நிக்க வெச்சு ஃப்ராக்கை அலசிப் பிழிஞ்சாங்க. தண்ணி ரொம்ப சில்லுன்னு இருந்தது. அப்புறம் ரெண்டு தோளையும் பிடிச்சுக்கிட்டு... 'ஒண்ணும் நடக்கல, சொல்லு'ன்னு சொன்னாங்க. நான் சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னாங்க. மூணு தடவை. அதுக்கப்புறம் எனக்குப் பேசவே பிடிக்கல."

"அப்பா, திருப்புங்க" என்றான் டேப்.

அப்பா பலகைத் துண்டைத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஒண்ணும் நடக்கல சொல்லு. மூணு தடவை."

கார் சாவி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

டேப் சின்ன ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா சொன்னாரா உன்கிட்ட?"

"எனக்கே தெரியாதும்மா இது" என்றார் அப்பா.

ரேடியோ சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கவுன்சிலர் அம்மா என்கிட்ட சொன்னாங்க. பயம் நிஜம்; அதுல யார் முகம் இருக்குன்னு மட்டும் அவசரப்பட்டு முடிவு பண்ணாதேன்னு. நான்தான் காதுல போட்டுக்கல. அப்பா வந்து நின்னதைப் பார்த்தேன். வாட்சைப் பார்த்தேன். அப்போ அப்பாதானே?" கண்ணை மூடினாள். "குழாய்கிட்ட... தோளைப் பிடிச்சப்போ... நான் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கல. முகம் எதிர்லயே இருந்தது."

கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தாள்.

"வாட்ச் எங்க வரைக்கும் ஏறியிருந்ததுன்னு ஞாபகம் இருக்கா?" என்றான் டேப்.

"முழங்கைக்கு மேல" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. டேப் கதையில் அந்த வரியைக் கேட்காத நாள் இந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. மாமனார்கூடச் சொல்வார். யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை அந்தக் கதையை நம்பியிருந்தால், அன்று தங்கை எங்கே இருந்தாள் என்று கேட்டிருப்பார்கள்.

"ஸ்டுடியோவை நீ தனியா நடத்தின நாள்" என்றாள்.

"அன்னைக்குத்தான் அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அப்பா உன்னைப் பார்த்துக்கச் சொல்லிட்டுப் போனார். அசிஸ்டென்ட் வரல. விளம்பரம் படிக்கறவர் வந்துட்டார். நீ பேசிக்கிட்டே இருந்தே. பதிவுல உன் குரல் விழும்னு..." நிறுத்தி மூச்சு வாங்கினான். "யாரும் திறக்கக் கூடாதுன்னு பல்பைப் போட்டுட்டு, பெரிய ரூம்ல பதிவு பண்ணினேன். பத்து நிமிஷம்னுதான் நினைச்சேன். முடிஞ்சதும் அவர் என்னைத் தட்டிக் குடுத்து, ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னு கூட்டிட்டுப் போனார். நான் பெரிய ஆளாயிட்டேன்ங்கற நினைப்புல உன்னை மறந்துட்டேன். சாயந்திரம் வந்தப்போதான் பல்பு எரியறதைப் பார்த்தேன்."

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நான் பிளாஸ்க் எடுக்க வந்தப்போ..." என்று ஆரம்பித்து, கதவின் கண்ணாடியைப் பார்த்தார். பையிலிருந்த சீப்பை எடுத்து, அது என்ன சாமான் என்று தெரியாதவர் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரேடியோ அப்பாவிடம் போகவில்லை. அண்ணனிடமும் வரவில்லை. இருந்த இடத்திலேயே நின்றாள்.

"ரெண்டு மாசமா தினமும் போன் பண்ணி என்கிட்ட என்ன சொன்னே அண்ணா?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அன்னைக்குக் குழாய்கிட்ட சொல்ல வெச்சியே, அதையேதான் சொன்னே. திரும்பத் திரும்ப. இப்போ நீ சொல்லு."

ஊருக்கே சோப்பு தீர வைத்தவனுக்கு வார்த்தை தீர்ந்துபோயிருந்தது. கதவுக்கு மேலே யாரும் அணைக்காத சிவப்பு பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கதவருகே போய் சுவிட்சை அணைத்தான்.

"நடந்தது" என்றான் டேப்.

அவள் கேட்கும்படியாக, மூன்று தடவை சொன்னான்.